பதினேழாம் ஒயர்

மார்ச் 2, திங்கள்

காலையில் கோவையிலிருந்து வைத்தீஸ்வரன் சார் போன் செய்தார். எங்கள் பால் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அதற்கு அவர்தான் பெரியவர். இந்த பிளான்ட்டில் அவருக்குக் கை, கால், கண் எல்லாம் நான் ஒருவன்தான். ஏப்ரல் கடைசியில் செய்வதாக இருந்த வேலையை இந்த மாதம் பதினைந்தாம் தேதியே முடிக்க வேண்டுமாம். பிளான்ட் மேனேஜர் அருணகிரி சார் கேட்டுக்கொண்டாராம். தள்ளிப்போடச் சொல்லி அழுகிற மேனேஜர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். முன்னால் இழுக்கிற மேனேஜர் புதுசு.

எனக்கு அப்புறம் இந்த நாற்காலிக்கு வருகிறவனுக்கும் புரியட்டும் என்று வேலையை விவரமாக எழுதி வைக்கிறேன். பிளான்ட்டில் அறுபத்து நான்கு சிஸ்டம். எல்லாவற்றிலும் பழைய விண்டோஸ். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றினால் தீபாவளி வந்துவிடும். அதனால் ஒரே ஒரு சிஸ்டத்தை முழுசாகத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து சர்வரில் வைத்துக்கொள்வோம். பிறகு நெட்வொர்க் வழியாக அந்த நகலை எல்லா சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் இறக்குவோம். இதற்கு இமேஜ் போடுவது என்று பெயர். இறக்கிய பிறகு பழையது எதுவும் மிஞ்சாது.

வீட்டுக்கு வரும்போது தக்காளி வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் திட்டு.

மார்ச் 3, செவ்வாய்

பட்டியல் வேலை. ஒவ்வொரு சிஸ்டத்தின் நெட்வொர்க் போர்ட்டுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி உண்டு. இரண்டுக்கு ஒரே முகவரி இருக்காது. அதை லேபிளில் எழுதி சிபியு மேல் ஒட்டி, அப்படியே ஒரு பதிவேட்டிலும் குறித்து வைத்திருக்கிறோம். அந்த முகவரி பட்டியலில் இருந்தால் சர்வர் அந்த சிஸ்டத்தைத் தானாகவே எழுப்பி இமேஜை இறக்கும். இல்லையென்றால் தொடாது. பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து அறுபத்து நான்கு வரியும் அடித்து முடிக்கக் கழுத்து போய்விட்டது.

நாற்பத்தொன்று உயிரோடு இல்லை. நவம்பரில் இடி விழுந்த அன்றே போய்விட்டது. ஸ்டோர் ரூமில் பால் பவுடர் சாக்குகளுக்கு அடியில் கிடக்கிறது. அதிலிருந்து மெமரி, நெட்வொர்க் ஒயர் செருகுகிற லேன் கார்டு எல்லாம் கழற்றி அங்கங்கே போட்டாயிற்று. பட்டியலில் அந்த வரியை எடுக்க வேண்டும். இருக்கட்டும், செத்தது எழுந்து வந்து இமேஜா கேட்கப்போகிறது?

மார்ச் 4, புதன்

கோகிலவாணி போன் செய்தாள். சிவகுருவின் மனைவி. சிவகுரு இறந்து இன்றோடு இருபது நாள்.

அவன் எங்கள் குளிரூட்டும் பிரிவில் ஷிப்ட் இன்ஜினியர். என்னை இந்த வேலைக்குச் சொல்லிவிட்டதே அவன்தான். மூன்று வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். போன மாதம் பன்னிரண்டாம் தேதி அம்மோனியா லைனில் வால்வு விட்டுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட தொழிலாளி முருகையனை இழுத்து வரப் போனான். இரண்டு பேரும் வரவில்லை. கம்பெனியின் அறிக்கையில் ஷிப்ட் இன்ஜினியர் தவறான வால்வைத் திறந்ததால் விபத்து என்று போட்டிருக்கிறார்களாம். வால்வு பழுது என்று அவன் யாரிடமும் ஒருமுறைகூடச் சொன்னதில்லையாம். இருபத்து நான்காம் தேதி அரசாங்க விசாரணை.

"அவரு திரும்பத் திரும்ப எழுதிக் குடுத்தாருங்ணா. மேனேஜர்கிட்டக் கையெழுத்து வாங்கி, காயிதத்தை அவருகிட்டயே குடுக்கறதுக்கு முன்னால ஸ்கேன் பண்ணி அவரு சிஸ்டத்துல வெச்சிருக்கறன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. நீங்கதான் அதை எடுத்துக் குடுக்கோணும். முருகையன் வீடு எங்களுக்கு மூணாவது வீடுங்ணா. அவங்கம்மா என்னையக் கண்டா மூஞ்சியத் திருப்பிட்டுப் போறாங்க."

எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். பத்து நிமிட வேலை.

மார்ச் 5, வியாழன்

விபத்துக்குப் பிறகு ஷிப்ட் ஆபீஸ் பூட்டியே கிடக்கிறது. இன்டர்நெட் கிடையாது, உள் நெட்வொர்க் மட்டும்தான். அங்கே சிவகுரு பயன்படுத்தியது சிஸ்டம் எண் பதினேழு. பயாஸில், அதாவது சிஸ்டம் எதிலிருந்து எழ வேண்டும் என்று சொல்கிற அமைப்பில், "நெட்வொர்க் முதலில்" என்று மாற்ற வேண்டும் என்று சொல்லி அருணகிரி சாரிடம் சாவி வாங்கினேன். உள்ளே இன்னும் அந்த வாடை. கண் எரிந்தது. வாடையால்தான்.

பின்பக்கம் போர்ட் கருகியிருக்கிறது. இடி விழுந்த மறுநாள் நான்தான் அதற்குக் கீழே கார்டு செருகிக் கொடுத்தேன். சிவகுரு டார்ச் பிடித்தான். டார்ச்சைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டு கதை பேசினான்.

டி டிரைவில் "வால்வு" என்றே ஒரு ஃபோல்டர். ஆறு ஸ்கேன். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் நான்கைந்து வரி, கீழே பச்சை மையில் அருணகிரி சாரின் கையெழுத்தும் ஒரு குறிப்பும். வரிசையாக எழுதிக்கொள்கிறேன்.

நவம்பர் 18: மூன்றாம் வால்வு கசிகிறது. (பார்த்தேன்.)
டிசம்பர் 2: கசிவு கூடியிருக்கிறது, உதிரி வேண்டும். (பார்த்தேன்.)
டிசம்பர் 23: உதிரி வரவில்லை. (தலைமை அலுவலகத்துக்குச் சொல்லப்படும்.)
ஜனவரி 6: ஆட்கள் கண் எரிச்சல் சொல்கிறார்கள். (முகமூடி கொடுக்கவும்.)
ஜனவரி 12: லைனை நிறுத்தித்தான் மாற்ற முடியும். (பொங்கல் ஆர்டர் பாக்கி. பிறகு.)
பிப்ரவரி 9: இனிமேல் பொறுப்பேற்க முடியாது. (கோடை சீசன் முடியட்டும்.)

பென்டிரைவ் வீட்டில் இருந்தது; அம்மோனியா பகுதிக்குள் போன் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. சாவி என்னிடம்தானே இருக்கிறது, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

லேப், டிஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ், மூன்று இடத்திலும் பயாஸ் மாற்றம். இருபத்தெட்டு சிஸ்டம். குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிட்டது. பென்டிரைவ் பையில் இருந்தது. நேரம் இல்லை.

மார்ச் 7, சனி

அருணகிரி சார் கேபினுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இந்த மூன்று வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. கான்ட்ராக்டிலேயே எத்தனை நாள் இருப்பது, குடும்பம் குட்டி என்று ஆகிவிட்டது அல்லவா, கோவையில் பேசியிருக்கிறேன் என்றார். என்னைக் கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். எத்தனை விண்ணப்பம் போட்டிருப்பேன். கைகால் ஓடவில்லை.

எழுந்திருக்கும்போதுதான் கேட்டார். "ஷிப்ட் ஆபீஸ் சிஸ்டமும் லிஸ்ட்ல இருக்குதுங்களா பூபதி?"

"இருக்குதுங் சார்."

"எதையும் விட்டுறாதீங்க. ஒண்ணு பழசாவே நின்னுட்டா அப்புறம் உங்களுக்குத்தான் தலைவலி."

எல்லா மேனேஜரும் கேட்கிற கேள்விதான்.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். அவள் அழுதேவிட்டாள். கேசரி செய்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிடாதீங்க என்று அவள் எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் ஸ்கேன் விஷயத்தை அவளிடம் பேசவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். மதியம் வரை சட்டைப் பையில்தான் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மாஸ்டர் சிஸ்டம் தயார். விண்டோஸ், பில்லிங், தமிழ் எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் ஏற்றிச் சோதித்தேன். டெஸ்க்டாப் படமாகக் கம்பெனிக் கன்றுக்குட்டி. நகலெடுத்து சர்வரில் வைத்தேன். பழுது ஒன்றும் இல்லை. வைத்தீஸ்வரன் சார் சபாஷ் என்றார். அவர் சபாஷ் சொல்வது அமாவாசையில் நிலா பார்க்கிற மாதிரி.

மார்ச் 11, புதன்

ஐந்து மணிக்கு கேட்டில் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாளோ, முகம் கறுத்துப்போயிருந்தது. வண்டியை நிறுத்தினேன். மேலே மாடி ஜன்னலில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

"இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதும்மா. ஆறு பேப்பர். பத்திரமா இருக்குது. நானே வந்து தர்றன்."

அவள் கைகூப்பினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைப் போய் யாரும் கைகூப்ப வேண்டாம். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஒப்புதல் படிவம் சுற்றுக்கு விட்டேன். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் நேராக அதைப் பயன்படுத்துகிறவர் கையெழுத்துப் போட வேண்டும்: "என் கோப்புகளை எடுத்துக்கொண்டேன், அழிக்கலாம்." இது இல்லாமல் இமேஜ் போட்டால் நாளைக்கே என் பேரனின் போட்டோ எங்கே என்று சண்டைக்கு வருவார்கள்.

மார்ச் 13, வெள்ளி

படிவம் திரும்பி வந்தது. பதினேழாம் வரியிலும் கையெழுத்து இருக்கிறது. பச்சை மை. செத்தவனுக்குப் பதிலாக அவரே கோப்புகளை எடுத்துக்கொண்டாராம்.

கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாச் சிஸ்டத்தின் நீல ஒயரும் இந்த அறைக்குத்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொன்றிலும் எண் கட்டியிருக்கிறேன். பதினேழு என் முழங்கை உயரத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14, சனி

யோசித்து முடிவு பண்ணிவிட்டேன். ஒயரைப் பிடுங்கினால் யாராவது எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிடப் பட்டியலில் பதினேழாம் வரியை எடுத்துவிடுவது சத்தமில்லாத வழி. சர்வர் அதைத் தொடாது. கேட்டால் ஏதோ கோளாறு, தனியாகப் போட்டுவிடுகிறேன் என்று சாவியை வாங்கி, முதலில் ஸ்கேனை எடுத்துக்கொண்டு அப்புறம் இமேஜ் போடுவேன். எல்லோருக்கும் நல்லது. வேலையும் போகாது, கோகிலவாணிக்கும் கொடுத்த வாக்குத் தப்பாது.

பதிவேட்டில் இருந்த லேபிள் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அந்த வரியை நீக்கினேன். இப்போது பட்டியலில் அறுபத்து மூன்று. அதில் நாற்பத்தொன்று செத்தது. ஆக நாளைக்கு அறுபத்திரண்டு முடிய வேண்டும்.

பத்து நாளில் இன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலை பத்து மணி. ஆபீஸ் காலி. அருணகிரி சார் வந்து என் பின்னால் நின்றார். பட்டனை அழுத்தினேன். கட்டடம் முழுக்க அந்தந்த அறையில் சிஸ்டங்கள் தானாக எழுந்துகொண்டன. பக்கத்து அக்கவுண்ட்ஸ் அறையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக நகர்ந்தன. சார் என் தோளில் கை வைத்தார்.

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. திரையில் வந்தது: 63-இல் 63 வெற்றி.

சார் கைகொடுத்தார். நானும் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒன்றுகூட விழாமல் முடிவது எத்தனை அபூர்வம் தெரியுமா. சார் படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் எனக்கு எண்ணிக்கை உறைத்தது. அறுபத்திரண்டுதான் முடிய வேண்டும்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். நாற்பத்தொன்று: வெற்றி.

ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். சாக்கைத் தள்ளிப் பார்த்தேன். நாற்பத்தொன்று அங்கேயே கிடந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசு. பின்பக்கம் லேன் கார்டு இருந்த இடம் ஓட்டையாக இருந்தது.

அந்தக் கார்டைத்தான் நவம்பரில் கழற்றிப் பதினேழில் செருகினேன். முகவரி கார்டோடு போகும், லேபிளோடு அல்ல. இது இந்த வேலையில் முதல் நாள் பாடம். பதினேழின் மேல் இருந்த லேபிளில் கருகிப்போன போர்ட்டின் முகவரி. நான் நீக்கியது அதைத்தான். நாற்பத்தொன்றின் பெயரில் சர்வர் எழுப்பியது சிவகுருவின் சிஸ்டத்தை.

மறந்துவிட்டேன். இது மறதிதான். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

கோளாறு என்று சொல்லிச் சாவி வாங்கினேன். திரையில் கன்றுக்குட்டி. மூலையில் சிஸ்டத்தின் பெயர்: 41. மீட்கிற மென்பொருள் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். பழைய டிஸ்க் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது. பாதி ஸ்கேன்கூட, பச்சை மையில் ஒரு கோடுகூட வரவில்லை.

சாயங்காலம் கோகிலவாணி போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

எடுக்கவில்லை.

மார்ச் 18, புதன்

ஆர்டர் வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்றிலிருந்து நான் கம்பெனி ஊழியன். புது அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

மார்ச் 20, வெள்ளி

அருணகிரி சார் ஒரு காகிதம் நீட்டினார். விசாரணைக்குக் கொடுக்க வேண்டுமாம். "சிஸ்டம் எண் 17-ஐ முழுமையாகப் பரிசோதித்தேன். வால்வு அல்லது பாதுகாப்பு சம்பந்தமான எந்தக் கோப்பும் அதில் இல்லை." கீழே என் பெயர் அடித்திருந்தது.

இன்றைய தேதியில் அது உண்மைதான். பரிசோதித்தேன். இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம் என்று சார் சொன்னார். அவருடைய மடியைச் சொன்னாரா, என்னுடையதைச் சொன்னாரா, தெரியவில்லை.

மார்ச் 21, சனி

இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஐந்தாம் தேதியில் வந்து நின்றேன். ஆறு தேதி, ஆறு குறிப்பு. உலகத்தில் இப்போது அது இந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. கிழித்தால் சத்தம்கூட வராது.

ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் கொடுக்கவும் முடியாது. ஏன் அன்றே எடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பதில் மற்ற பக்கங்களில் இருக்கிறது. எழுதியவன் நான்தான், படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

நாளைக்குப் போகப்போகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. படிக்கக் கொடுத்துவிடுகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

(இது மிச்சமான லேபிள் தாளின் பின்பக்கம். நோட்டு என்னிடம் இல்லை.)

பதினோரு மணிக்குப் போனேன். கோகிலவாணி தண்ணீர் கொடுத்தாள். நோட்டைக் கொடுத்தேன். சுவரோரம் கீழே உட்கார்ந்து படித்தாள். நிதானமாக, விரலை வைத்து வைத்து. சிவகுரு டார்ச் பிடித்த இடத்தில் சிரித்த மாதிரி இருந்தது. கைகூப்பிய நாளைப் படித்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. இருபத்தொன்றாம் தேதி வரைக்கும் போய்விட்டுப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்து, பதிமூன்றாம் தேதியை மறுபடியும் படித்தாள். அழுவாள், திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன்.

"இந்தக் கார்டு, லேபிளு சமாச்சாரமெல்லாம் எனக்குப் புரியலீங்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அந்த நீல ஒயரு உங்க ரூமுக்குத்தானுங்களே வருது. அதைப் புடுங்கி விட்டிருந்தா போதுமுங்களா?"

"போதும்."

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

அவள் நோட்டை மூடி, உள்ளே கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, இது எங்கிட்டயே இருக்கட்டும், வக்கீல்கிட்டக் குடுக்கறன் என்றாள். சரி என்றேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது போயிட்டு வாங்க என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் முருகையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரையும் தாண்டித்தான் வர வேண்டும்.

நாளை மறுநாள் விசாரணை. ஒரு பக்கம் நோட்டை வைப்பார்கள், இன்னொரு பக்கம் வெள்ளிக்கிழமைக் காகிதத்தை வைப்பார்கள். எது உண்மை என்று கேட்டால், நோட்டு என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

காலையில் சர்வர் ரூமைத் திறந்ததும் பதினேழாம் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். கிளிப்பை அழுத்தி இழுத்தால் ஒரு கையிலேயே வந்துவிடுகிறது.